எல்லாப் பழியும் கார்புரேட்டருக்கே

எனக்குக் கிடைத்த பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட், அதாவது கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி, ஓடவில்லை என்றதும் சீட்டைத் தூக்கி உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் "கார்புரேட்டர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம் அது. பழுது பார்க்கும் கடையில் போனை எடுத்தவர் முதலில் கேட்டது வண்டியின் வயதை. 1998 என்றேன். ஸ்டார்ட் ஆகிறதா, ஆகிச் சில நொடிகளில் நிற்கிறதா, சத்தம் எப்படி இருக்கிறது, எதுவும் கேட்கவில்லை. புதிதாக ஒரு கார்புரேட்டர் வாங்கி மாட்டுங்கள், அப்படியும் ஓடாவிட்டால் இஞ்சின் போய்விட்டது, அதற்குமேல் அந்த வண்டியில் காசைப் போடாதீர்கள் என்றார். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர், நல்ல மனிதர், அவரும் அதையே சொன்னார். அவரிடம் இருப்பது லித்தியம் பேட்டரி வண்டி. இவ்வளவு பேர் ஒரே பதிலைச் சொல்லும்போது அதை நம்பிவிடுவதுதான் சுலபம். ஆனால் எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. வயதைக் கேட்டதும் நோயைச் சொல்லிவிட முடியுமா? அந்தக் கேள்வி அடங்காததால்தான் இந்த நீண்ட பதிவு.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்ற ஊரில். 1959ல் திட்டமிட்டு உருவாக்கிய ஊர் இது. இங்கே கார்ப் பாதைகளுக்கு இணையாக, மரங்களுக்கு நடுவே, 100 மைலுக்கு மேல் கோல்ஃப் கார்ட் பாதைகள் ஓடுகின்றன. காய்கறி வாங்க, நூலகம் போக, ஏரிக்கரையில் உட்கார, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் கார்ட்டில்தான் போவார்கள். 54, 74 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் குறுக்கே வரும் இடங்களில் கார்ட்டுக்கென்றே பாலமும் சுரங்கப்பாதையும் கட்டியிருக்கிறார்கள். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் ஓட்டிவரும் கார்ட்டுகளை நிறுத்தத் தனி இடமே உண்டு. 15 வயதில் கற்றல் உரிமம் வாங்கிவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஓட்டலாம். என் மகளுக்கு அந்த வயது வந்துவிட்டது. அவள் சிநேகிதிகளின் வீடுகளில் புதிய பேட்டரி வண்டிகள் நிற்கின்றன. புதிது என்றால் பல ஆயிரம் டாலர். அந்த நேரத்தில்தான் பின்தெருப் பெரியவர் ஒருவர் மகளோடு இருக்க ஒஹாயோவுக்குக் கிளம்பினார். தன் வீட்டுப் பின்பக்கம் பைன் மரங்களுக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டியை, கொண்டுபோக முடிந்தால் எடுத்துக்கொள் என்று எனக்குக் கொடுத்துவிட்டார்.

தார்ப்பாயை விலக்கியதும் நான் முதலில் தேடியது டாஷ்போர்டுக்குக் கீழே, பயணி உட்காரும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை. வண்டி கிளப் கார் என்ற நிறுவனம் செய்தது. அவர்கள் வண்டிகளில் அந்த எண்ணே ஜாதகம். முதல் எழுத்துகள் மாடல், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, அதற்கடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம். ஈரத்துணியால் துடைத்தபோது ஏ.ஜி. 98 என்று வந்தது. டிஎஸ் மாடல், பெட்ரோல், 1998. அப்படியென்றால் உள்ளே இருப்பது கவாஸாகியின் எஃப்.ஈ. 290, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின். மெனக்கெட்டால் பலன் தரும் இஞ்சின் அது. வண்டியின் அடிச்சட்டம் அலுமினியம், அதனால் துரு பிடித்து உளுத்துப்போகும் கவலை இல்லை.

இந்த மாநிலத்தில் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. கோல்ஃப் கார்ட்டுக்குத் தாய்வீடு ஜார்ஜியாதான். 1954ல் அகஸ்டாவில் டோலன் சகோதரர்கள் ஈ-ஸீ-கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டெக்சஸில் பிறந்த கிளப் காரும் பிற்பாடு அகஸ்டாவுக்கே வந்து சேர்ந்தது. யமஹாவின் தொழிற்சாலை எங்கள் பக்கத்து மாவட்டத்தில், நியூனனில் இருக்கிறது. இருபத்தைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இன்றைக்கும் கேஸ்கெட் முதல் கேபிள்வரை கிடைக்கிறது என்றால், அதற்கு இந்தப் பக்கத்தில் இத்தனை வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பது முக்கியமான காரணம். உதிரிபாகம் கிடைக்கிற வண்டியை வயதைக் காட்டிக் கழித்துவிடக் கூடாது. இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

நிற்கும்போது கெடுவது எது

ஓடி ஓடித் தேய்ந்த வண்டி வேறு, நின்று நின்று கெட்ட வண்டி வேறு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதால்தான் பல வண்டிகள் அநியாயமாகப் பழைய இரும்புக்குப் போகின்றன. ஓடித் தேய்ந்த வண்டியில் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு என்று விலை உயர்ந்த உலோகப் பாகங்கள் போயிருக்கும். நின்று கெட்ட வண்டியில் அவையெல்லாம் பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சோடு நன்றாகவே இருக்கும். கெடுவது மிருதுவானவை: ரப்பர், பெட்ரோல், கிரீஸ், பேட்டரி அமிலம், ஒயர் முனைகள். இவற்றில் ஒன்றுகூட விலை உயர்ந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வண்டியை முழுசாக நிறுத்திப்போடும் சக்தி உள்ளது.

ஆகவே நான் வேலையை இஞ்சினில் தொடங்கவில்லை, பிரேக்கில் தொடங்கினேன். கிளப் கார் டிஎஸ்ஸில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான், கேபிள் இழுத்து அழுத்தும் டிரம் பிரேக். ஈரத்தில் வருடக்கணக்கில் நின்றதில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிப்போயிருந்தது. தெருவில் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு சக்கரம் உருளாமல் இழுபட்டே வந்தது. டிரம்மைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டி, துருவைக் கரைக்கும் எண்ணெயை ஊற்றி ஊற விட்டு, மறுபடி தட்டி ஒருவழியாகக் கழற்றியபோது உள்ளிருந்து சிவப்புப் பொடி ஒரு கை கொட்டியது. ஷூ, ஸ்பிரிங், கேபிள் எல்லாம் புதிது போட்டேன். நிற்க முடியாத வண்டியை ஓட வைப்பது ஆபத்து. அதிலும் இதை ஓட்டப்போவது 15 வயதுப் பெண். இணையத்தில் வரும் காணொளிகளில் முதலில் இஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டு, பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

அப்புறம் காற்று வரும் வழி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. சீட்டிலிருந்து கடித்தெடுத்த பஞ்சும் பைன் சருகும் சேர்த்து, கையகலத்துக்கு, அவ்வளவு நேர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தது. குட்டிகள் இல்லை, பழைய கூடுதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீரும் பிளீச்சும் கலந்து நனைத்து எடுத்தேன். உலர்ந்த எலிப் புழுக்கை தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது, அதைப் பரிசோதிக்கவே தேவையில்லை, பக்கவாட்டில் உப்பியிருந்தது. தரைத் தொடர்பு ஒயரின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். டயர்களில் பக்கவாட்டு ரப்பர் வறண்டு வெடித்திருந்தது, மாற்றியாக வேண்டியதாயிற்று.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இங்கே பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி போய்விட்டால் மீதி பிசின்போலக் கெட்டிப்பட்டு, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். தொட்டி மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த நெடி. தொட்டி முழுவதையும் இறக்கி, மாவட்டத்தின் ரசாயனக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன். நம் ஊரில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் அங்கேயும் இதைக் கவனித்தாக வேண்டும். ஓடுகிற வண்டியில் தெரியாது, நிற்கிற வண்டியில்தான் வேலையைக் காட்டும்.

ஆக, கார்புரேட்டரை நானும் கழற்றினேன்தான். இப்படி ஒரு பெட்ரோல் உள்ளே காய்ந்திருக்கும்போது அதைச் சுத்தம் செய்யாமல் விட முடியாது. அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் இருந்தது. பெட்ரோல் பாயும் துளையுள்ள மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரியவில்லை. அதைவிடச் சின்னதான பைலட் ஜெட்டின் துளை முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கிதாரின் மெல்லிய கம்பியை விட்டு மெதுவாகச் சுற்றி, கிளீனர் அடித்து, மறுபக்கம் நீர்க்கோடு நேராகப் பாயும்வரை விடவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாகத் துணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். மாட்டும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. பிளக்கை மாற்றினேன், தீப்பொறி நீலமாக, பலமாக வந்தது. புதிய எண்ணெய், புதிய பேட்டரி, புதிய பெல்ட், புதிய பெட்ரோல். சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தேன். இஞ்சின் சுழன்றது, பிடித்தது, உறுமியது. சில நொடிகளில் அணைந்துவிட்டது.

மறுபடி மிதித்தால் வெறுமனே சுழலும். விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தால் மறுபடி பிடிக்கும். மறுபடி சில நொடிகள், மறுபடி நிசப்தம். கடைக்காரர் சொன்ன கட்டம் இதுதான். சுத்தம் செய்தது போதாது, புதிய கார்புரேட்டர் மாட்டு. அதற்கும் ஓடாவிட்டால் தூக்கிப் போடு.

உட்கார்ந்த இடத்தில் ஓட வைப்பது

இந்த இடத்தில், பெட்ரோல் கோல்ஃப் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். காரைப் போலவோ பைக்கைப் போலவோ இதற்கு ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போதும் இஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது, கிடையாது. பெடலில் கால் வைத்ததும் ஒரு மைக்ரோ சுவிட்ச் மூடும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு டக்கென்று அடிக்கும், ஸ்டார்ட்டர் பெல்ட் வழியாக இஞ்சினைச் சுற்றும், இஞ்சின் பிடித்து வேகம் ஏறியதும் க்ளட்ச் தானே பிடித்து வண்டி நகரும். அந்த ஸ்டார்ட்டரே இப்போது ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும். ஒரே மோட்டார், இரண்டு வேலை. காலை எடுத்தால் தீப்பொறி துண்டிக்கப்பட்டு இஞ்சின் நின்றுவிடும். கோல்ஃப் மைதானத்தில் பந்தை அடிக்க இறங்கும்போது சத்தமில்லாமல் நிற்க வேண்டுமே, அதற்காகச் செய்த ஏற்பாடு. அருமையான வடிவமைப்புதான். ஆனால் பழுது பார்க்கிறவனுக்குச் சிரமம். மிதித்தால் வண்டி ஓடிவிடும், விட்டால் அணைந்துவிடும். இஞ்சின் ஓடும்போது பக்கத்தில் குனிந்து நின்று பார்க்க வழியில்லை.

வழி இருக்கிறது. டிஎஸ் பெட்ரோல் வண்டியில் சீட்டுக்கு அடியில், கியர் மாற்றும் கேபிள் வந்து சேரும் இடத்தில், ஒரு சின்னப் பூட்டு உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, அந்தப் பூட்டை வெளியே இழுத்துத் திருப்பினால் வண்டி பராமரிப்பு நிலைக்குப் போய்விடும். அப்போது பெடலை மிதித்தாலும் இஞ்சின் மட்டும் ஓடும், சக்கரம் சுற்றாது. இதைக் கையேட்டில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மகளைப் பெடலில் கால் வைக்கச் சொல்லிவிட்டு நான் இஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"மிதிக்கவாப்பா?"

"மிதி. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே."

தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் நான் புதிதாகப் போட்ட ஃபில்டர் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவது. இஞ்சின் சுழலும்போது அதில் பெட்ரோல் குபுகுபுவென்று பாய வேண்டும். ஆனால் அதன் அடியில் ஒரு மெல்லிய கோடுதான் ஊர்ந்தது. இஞ்சின் பிடித்தது, ஓடியது, அணைந்தது. ஃபில்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. என்ன நடக்கிறது என்று அங்கேதான் ஓரளவு பிடிபட்டது. சுழற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வரும் பெட்ரோல் கார்புரேட்டரின் கிண்ணத்தில் சேர்கிறது. சேர்ந்ததை இஞ்சின் சில நொடிகளில் குடித்துத் தீர்த்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அடைத்துக்கொண்ட கார்புரேட்டரின் அறிகுறி அப்படியே இதுதான். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

அன்று இரவு திண்டுக்கல்லில் இருக்கும் மச்சானிடம் பேசினேன். என் மனைவியின் அண்ணன், டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கோல்ஃப் கார்ட்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை. காணொளியை அனுப்பியிருந்தேன். இரண்டு முறை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மாப்ள, கார்புரேட்டர் சுத்தமா இருக்கா இல்லையான்னு அதுகிட்டயே கேட்டுடலாமே. டேங்க், பம்பு எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டு, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி மேல கட்டித் தொங்கவிட்டுக் கார்புரேட்டருக்கு நேரா பெட்ரோல் குடுங்க. ஓடுச்சுன்னா அது மேல குத்தம் இல்ல. ஓடலைன்னா அப்புறம் கழட்டுங்க."

நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஹேண்டில்பாரில் காலி சலைன் பாட்டில் தொங்கும், அதிலிருந்து ஒரு டியூப் நேராகக் கார்புரேட்டருக்கு. சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது டேங்க் கழற்றி வைத்திருப்பதால் செய்கிற மாற்று ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது என்பதை மச்சான் சொன்ன விதத்தில்தான் உணர்ந்தேன். சந்தேகம் உள்ள இரண்டில் ஒன்றை வெளியே நிறுத்திவிடுகிறது அந்தப் பாட்டில். வாங்க வேண்டியது ஏதுமில்லை. கேள்வி தெளிவாக இருக்கிறது, பதிலும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வந்துவிடும்.

பழைய புல்வெட்டும் இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றி வைத்த சின்னப் பெட்ரோல் தொட்டி என்னிடம் இருந்தது, குழாய்த் திருகோடு. சலைன் பாட்டிலைவிட அது பத்திரம், பெட்ரோலுக்கென்றே செய்தது. சைலன்ஸர் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகாத மாதிரி, கூரையைத் தாங்கும் பின்தூணில் கட்டினேன். இஞ்சின் முழுக்க ஆறியிருந்தது, தீயணைப்பு உருளை கைக்கெட்டும் தூரத்தில், கராஜ் கதவு திறந்தே. திருகைத் திறந்து கிண்ணம் நிறையக் கொஞ்ச நேரம் விட்டேன்.

"மிதி."

பிடித்தது. அணையும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்த நொடிகள் கடந்தும் ஓடியது. உறுமல் சீரானது. மகள் பெடலைக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் மிதித்துப் பார்த்தாள், இஞ்சின் அவள் காலுக்குப் பணிந்து ஏறி இறங்கியது. எல்லோரும் சேர்ந்து குற்றம் சாட்டிய கார்புரேட்டர், பெட்ரோல் வந்தால் என் வேலையை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டது. இஞ்சினும் அதையே சொன்னது. அவள் அம்மா சமையலறையிலிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்து வாசலில் நின்று சிரித்தாள். அந்த மாலையின் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

விரல் நீளக் குழாய்

இனித் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது: தொட்டியிலிருந்து பம்புவரை அல்லது பம்பு. இந்த வண்டியில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழே இருக்கும் கிரான்க்கேஸ் என்ற அறையில் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும். அந்தத் துடிப்பை ஒரு ரப்பர் குழாய் பம்புக்குக் கொண்டுவரும். பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு அந்தத் துடிப்புக்கு ஏற்ப அசையும். இரண்டு பக்கமும் ஒருவழி வால்வுகள், ஒன்று உறிஞ்சும்போது திறக்கும், மற்றது தள்ளும்போது. இஞ்சின் தன் மூச்சாலேயே தனக்கு வேண்டிய பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. இதைவிட எளிமையாக ஒரு பம்பைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு அழகு.

தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தேன், அடைப்பு ஏதும் இல்லை. பிறகு அந்தத் துடிப்புக் குழாய். மேலே இருந்து பார்த்தால் கறுப்பாக, முழுசாக, நன்றாகவே இருந்தது. டார்ச்சை வைத்துக்கொண்டு அடிப்பக்கம் விரலால் தடவியபோது நகத்தில் ஒரு விளிம்பு தட்டியது. கிரான்க்கேஸ் முனையில் மாட்டியிருந்த இடத்தில், அடிப்புறமாக, நீளவாக்கில் வெடிப்பு. வளைத்ததும் மீன் வாய்போலத் திறந்தது. இஞ்சின் அனுப்பும் துடிப்பில் பெரும்பகுதி அந்த வாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மீதி கொஞ்சம் பம்புக்குப் போய், அந்த மெல்லிய கோட்டை ஊற வைத்தது. இத்தனை வருட வெயிலும் இஞ்சின் சூடும் பட்ட ரப்பர் வெடிப்பது இயற்கை. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதிய குழாய் சில டாலர். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: கையில் கிடைக்கும் மெல்லிய வேக்குவம் டியூபை மாட்டக் கூடாது. சுவர் மெலிந்த டியூப் ஒவ்வொரு துடிப்புக்கும் தானே உப்பிச் சுருங்கி, துடிப்பைத் தின்றுவிடும். தடித்த சுவர் உள்ள, பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் குழாயாக, பழையதன் நீளத்துக்கே வெட்டிப் போட வேண்டும். போட்டு, தொட்டியின் வால்வைத் திறந்து, மகள் பெடலை மிதித்தாள். ஃபில்டர் குபுகுபுவென்று நிறைந்தது.

அந்தக் கடைக்காரர் சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். புதிய கார்புரேட்டர் வந்திருக்கும். அதையும் மாட்டிய பிறகு வண்டி இதேபோல் சில நொடிகள் ஓடி அணைந்திருக்கும். அவர் கணக்குப்படி அடுத்த முடிவு, இஞ்சின் போய்விட்டது. ஒரு நல்ல கவாஸாகி இஞ்சின், அலுமினியச் சட்டம், கியர் பெட்டி, எல்லாம் ஒரு விரல் நீள ரப்பருக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். எத்தனை வண்டிகள் இப்படிப் போயிருக்கும் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பாகங்கள் மலிவாகவும் ஆள்கூலி அதிகமாகவும் இருக்கும் நாட்டில், மாற்றிப் பார் என்று சொல்வது கடைக்காரருக்கு லாபம்தான், அது எனக்குப் புரிகிறது. ஒரு மணி நேரம் குனிந்து தேடுவதற்கு அவர் வாங்க வேண்டிய கூலி கார்புரேட்டர் விலையைவிட அதிகம். திண்டுக்கல் ஒர்க்‌ஷாப்பில் கணக்கு நேர்மாறு. அங்கே பாகத்துக்குத்தான் காசு அதிகம், அதனால் மச்சான் முதலில் சோதிக்கிறார், பிறகு வாங்கச் சொல்கிறார். ஆனால் சொந்த வீட்டுக் கராஜில் சொந்த நேரத்தில் வேலை செய்கிறவனுக்கு இங்கேயும் மச்சானின் கணக்குதான் பொருந்தும்.

பேட்டரி வண்டியை நான் வெறுக்கவில்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, காலையில் மரங்களுக்கு நடுவே பாதையில் போகும்போது அதுதான் மற்றவர்களுக்கு மரியாதை. புதிதாக வாங்குகிற யாராவது என்னிடம் கேட்டால் பேட்டரியே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே செய்துவிட்ட இஞ்சினை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதோடு, ஒரு பெண்பிள்ளை தன் கையால் திறந்து, இது இதனால் அசைகிறது, அது அதனால் எரிகிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இயந்திரம் இப்போது வீடுகளில் அருகிவிட்டது. என் மகள் படித்த இயற்பியலில் அழுத்தம் என்பது வெறும் சூத்திரமாக இருந்தது. துடிப்புக் குழாயின் முனையில் விரலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். விரலைத் தள்ளி இழுத்த அந்தக் காற்றை அவள் முகத்தில் பார்த்தேன். அதற்காகவே இந்த வேலை எனக்குப் பெரிதாகப்படுகிறது.

நகராட்சியில் பதிவு செய்து எண் ஒட்டு வாங்கியாகிவிட்டது. கவர்னரை நான் தொடவில்லை, தொடவும் விடமாட்டேன். கியர் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த அமைப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மற்ற பிள்ளைகள் அதைத் திருகி வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்பது தெரியும். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் உள்ள வண்டிக்கு அது வேண்டாத வேலை. எத்தனால் கலக்காத பெட்ரோல் படகுக்காரர்களுக்காக இங்கே சில பங்க்குகளில் விற்கிறார்கள். விலை கூடத்தான், ஆனாலும் அதைத்தான் ஊற்றுகிறோம். நீண்ட விடுமுறைக்குக் கிளம்பும் முன் தொட்டி வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி அணைக்க வேண்டும் என்று சீட்டுக்கு அடியில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள் மகள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் நீலப் புகை வந்து பிறகு அடங்குகிறது. வால்வு சீலாக இருக்கலாம், ரிங்காகவும் இருக்கலாம். ரிங்தான் என்று தெருவில் ஒருவர் உடனே சொல்லிவிட்டார். உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டினால் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் தருகிறார்கள். சனிக்கிழமை எடுத்து வருகிறேன். பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டுவது தன் வேலை, பெடல் மிதிப்பது இந்த முறை என் வேலை என்று மகள் சொல்லிவிட்டாள்.